அரிப்பு யார் செய்யும் வேலை?

நம்மில் ஏறக்குறைய பாதிப் பேரின் உடம்பில் கேண்டிடா அல்பிகன்ஸ் என்கிற ஈஸ்ட் குடியிருக்கிறது. வாயில் இருக்கிறது, குடலில் இருக்கிறது, பெண்களுக்குப் பிறப்புறுப்பின் உட்புறத்திலும் இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்து தங்கிவிடும். அது இருப்பதாக நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அநேகமாக வராது.

இதே ஈஸ்ட்தான் பச்சைக் குழந்தையின் நாக்கில் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாகப் படிகிறது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களின் தொண்டையில் படர்கிறது. பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது கடும் அரிப்பும் எரிச்சலும் வெள்ளைப்படுதலுமாக வந்து படுத்துகிறது. ஐசியூவில் பல நாள் படுத்திருப்பவரின் ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதன் உச்ச வரிசையில் நான்கே நான்கு பூஞ்சைகள்தான் இருக்கின்றன. கேண்டிடா அல்பிகன்ஸ் அவற்றில் ஒன்று.

பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கிற ஒன்று திடீரென்று ஏன் திரும்புகிறது? அதைவிட எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இன்னொன்று. அந்த அரிப்பும் எரிச்சலும் பூஞ்சை செய்யும் வேலையா, அல்லது அதைப் பார்த்து நம் உடம்பு செய்யும் வேலையா? இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல உதவுகிற ஒரு சின்னஞ்சிறு நச்சை 2016-இல் கண்டுபிடித்தார்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் பார்க்கலாம்.

முதலில் பூஞ்சையின் உருவத்திலிருந்து தொடங்கவேண்டும். சாதாரணமாக இது உருண்டையான ஒற்றைச் செல். ஐந்து மைக்ரான் குறுக்களவு இருக்கும், நம் ரத்தச் சிவப்பணுவைவிடச் சற்றுச் சிறியது. மொட்டு விட்டு மொட்டு விட்டுப் பெருகும். ஆனால் இதற்கு இன்னொரு உருவமும் உண்டு. மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களே அதைப் பார்த்துவிடுவார்கள். சோதனைக் குழாயில் அரை மில்லி மனித சீரம் எடுத்து, ஈஸ்ட்டைத் துளியூண்டு கலந்து, 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைப்பார்கள். பிறகு ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உருண்டைச் செல்களின் பக்கவாட்டிலிருந்து நேரான குழாய் ஒன்று நீண்டிருக்கும். குழாய் தொடங்கும் இடத்தில் இடுப்பு சிறுத்திருக்காது, செல்லும் குழாயும் ஒரே வழவழப்பாக ஓடும். அதைக் கண்டால் ‘ஜெர்ம் ட்யூப் பாசிட்டிவ்’ என்று எழுதுவார்கள்; கேண்டிடா அல்பிகன்ஸைப் பிற ஈஸ்ட்களிலிருந்து பிரித்துச் சொல்ல இன்றும் பயன்படுகிற மலிவான, விரைவான சோதனை அது.

அந்தக் குழாய் வளர்ந்தால் இழை. உடம்பின் சூடு, சீரம், அமிலத்தன்மை குறைவது போன்ற சூழ்நிலைகளில் பூஞ்சை இழையாகிறது. வாய், உணவுக் குழாய், பிறப்புறுப்பு ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல் அடுக்குக்கு எபிதீலியம் என்று பெயர். உருண்டை ஈஸ்ட் அதன் மேல் கிடக்கும், அவ்வளவுதான். இழையோ நுனியால் அழுத்தித் துளைத்து உள்ளே போகும். அதனால் நோய்க்குக் காரணம் இழைதான் என்று ரொம்ப காலமாகவே மருத்துவர்கள் சொல்லி வந்தார்கள். இழையாக முடியாதபடி மரபணுவை மாற்றிய பூஞ்சை, சோதனையில் பெரிய கெடுதல் செய்வதில்லை என்பதும் தெரிந்திருந்தது.

நம் எபிதீலியச் செல்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியும் என்பதுதான் அடுத்த படி. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜூலியன் நாக்லிக்கின் குழு 2010-இல் அதைக் காட்டியது. வாயின் செல்களை வளர்த்து அவற்றின் மேல் ஈஸ்ட்டை விட்டால், செல்கள் ஒரு சின்ன அடையாளம் கண்டுகொண்டு அதோடு விட்டுவிடுகின்றன. அதே பூஞ்சை இழைகளாகி ஓர் அளவைத் தாண்டினால் செல்லுக்குள் இரண்டாவது கட்டச் சமிக்ஞை கிளம்புகிறது. சி-ஃபாஸ் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் வெளியே கொட்டுகின்றன. அதாவது, ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்பதற்கும் ‘ஆபத்து’ என்பதற்கும் இடையே கோடு போடுகிற வேலையை, வெறும் உறை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த அந்தச் செல்களே செய்கின்றன.

சரி, இழையில் எதைப் பார்த்து அவை அப்படிப் பதறுகின்றன? அது அப்போது பிடிபடவில்லை.

விடை இருந்த இடம் ஒரு பழைய மரபணு. பூஞ்சை நீளும்போது மிக அதிகமாக வேலை செய்யும் மரபணு ஒன்றை 1993-இலேயே கண்டு, ஈசிஈ1 என்று பெயர் வைத்திருந்தார்கள். இழை வந்தால் அதுவும் வரும், இழை இல்லையென்றால் அதுவும் இல்லை. ஆனால் அதை நீக்கிப் பார்த்தால் பூஞ்சை வழக்கம்போல் இழை விட்டது. அப்படியானால் இதற்கு என்னதான் வேலை என்று விளங்காமல் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

நாக்லிக்கின் குழுவும் ஜெர்மனியின் யேனா நகரில் பெர்ன்ஹார்ட் ஹூபேயின் குழுவும் சேர்ந்து இதை மறுபடி எடுத்தார்கள். ஈசிஈ1 இல்லாத பூஞ்சை வாயின் செல்களில் ஒட்டிக்கொண்டது, இழை விட்டது, உள்ளேயும் புகுந்தது. எல்லாம் செய்தும் செல்கள் சாகவில்லை, சைட்டோகைனும் வரவில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். இழை புகுந்ததால்தான் செல் காயப்படுகிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். புகுவது வேறு, காயப்படுத்துவது வேறு என்று இந்த ஒரு சோதனை பிரித்துக் காட்டிவிட்டது.

ஈசிஈ1 மரபணு உண்டாக்கும் புரதத்தின் நீளம் 271 அமினோ அமிலங்கள். பூஞ்சை அதை முழுசாகப் பயன்படுத்துவதில்லை. மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரியால் கோடு பார்த்து வெட்டித் தருவாரே, அந்த மாதிரி கெக்ஸ்2 என்ற நொதி அந்தப் புரதத்தில் லைசினும் ஆர்ஜினினும் அடுத்தடுத்து வருகிற இடமாகப் பார்த்து வெட்டுகிறது. எட்டுத் துண்டுகள் கிடைக்கின்றன. கெக்ஸ்1 என்ற இன்னொரு நொதி துண்டின் வாலில் மிச்சமிருக்கும் ஆர்ஜினினைச் சீவி எடுக்கிறது. ஆய்வாளர்கள் எட்டையும் தனித்தனியே செய்து செல்கள் மேல் விட்டுப் பார்த்தார்கள். ஏழு துண்டுகளால் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது துண்டு மட்டும் செல்லைக் கொன்றது, சைட்டோகைனையும் வரவழைத்தது. வெறும் 31 அமினோ அமிலம் நீளமுள்ள அந்தத் துண்டுக்குக் கேண்டிடாலைசின் என்று பெயரிட்டு, 2016-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அது இல்லாத பூஞ்சையால் எலியின் வாயிலும் நோயைச் சரிவர உண்டாக்க முடியவில்லை.

காலராவுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் பாக்டீரியாவின் நச்சுதான் காரணம் என்பது 19, 20-ஆம் நூற்றாண்டுகளிலேயே தெரிந்த சங்கதி. மனிதனுக்கு நோய் தரும் பூஞ்சையிடம் செல்லைத் துளைத்து அழிக்கிற பெப்டைடு நச்சு இருப்பது முதல்முறையாகத் தெரிந்தது கேண்டிடாலைசினில்தான்.

அது துளைக்கும் விதத்தையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இழையின் நுனி செல்லுக்குள் புகும்போது செல்லின் சவ்வு உடனே கிழிந்துவிடுவதில்லை. இழையைச் சுற்றி உள்ளே மடங்கி, ஒரு குறுகிய பையாகிறது. இழை நச்சைச் சுரப்பது அந்தப் பைக்குள். வெளியே எச்சிலில் கலந்தால் நீர்த்துப்போயிருக்கும், இங்கே தப்பிக்க வழியில்லாமல் செறிந்து நிற்கிறது. நச்சின் உருவம் ஒரு சுருள்; அதன் ஒரு பக்கம் நீரோடு ஒட்டும், மறுபக்கம் கொழுப்போடு ஒட்டும். செல் சவ்வு கொழுப்பால் ஆனது. 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அணு விசை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நச்சு மூலக்கூறுகள் முதலில் நீரிலேயே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமாகி, இரண்டு முனையும் சேர்ந்து வளையமாவது தெரிந்தது. வளையம் சவ்வில் பதிந்தால் துளை. துளை வழியாக வெளியிலிருக்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது, உள்ளே இருக்கவேண்டியது வெளியே ஒழுகுகிறது. செல் செத்துப்போகிறது.

இங்கே அளவு முக்கியம். நச்சு நிறைய இருந்தால் செல் சாகும். கொஞ்சமாக இருந்தால் சாகாது, ஆனால் விஷயம் தெரிந்துகொள்ளும். 2010-இல் பார்த்த அந்த இரண்டாம் கட்டச் சமிக்ஞையை எழுப்புவது இந்தக் குறைந்த அளவு நச்சுதான். செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிக்கென்று இருக்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி (நுரையீரல் புற்றுநோய்க்கான சில மாத்திரைகள் குறிவைப்பதும் இதையே) கேண்டிடாலைசினால் தூண்டப்படுவதை 2019-இல் கண்டார்கள். ஆக, பூஞ்சை தாக்க எடுக்கும் ஆயுதமும் நமக்கு அதைக் காட்டிக்கொடுப்பதும் ஒன்றே. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் சுலபமாகப் புரியும்.

வாயில் இந்தக் காட்டிக்கொடுத்தல் நமக்கு நன்மையாகவே முடிகிறது. எபிதீலியம் சைட்டோகைன்களை விட்டதும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து இறங்கி வருகின்றன. கூடவே சில டி செல்கள் இன்டர்லூக்கின்-17 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. பூஞ்சையைக் கொல்லும் டிஃபென்சின் புரதங்களை எபிதீலியமே தயாரிக்கும்படி அது செய்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் சாரா காஃபனின் ஆய்வகம் 2017-இல் எலிகளில் காட்டியது, வாயில் இந்தப் பதினேழாம் எண் பாதுகாப்பைக் கிளப்பிவிடுவது கேண்டிடாலைசின்தான் என்று. மனிதரில் இதற்குச் சாட்சி வேண்டுமா? இன்டர்லூக்கின்-17 வேலை செய்யாத மரபணுக் குறையோடு பிறந்த சில குடும்பங்களைப் பற்றி 2011-இல் எழுதினார்கள். அவர்களுக்கு வாயிலும் தோலிலும் நகத்திலும் கேண்டிடா விடாமல் வந்துகொண்டே இருந்தது. சொரியாசிஸுக்கு இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்கிறவர்களில் சிலருக்கு வாயில் வெள்ளை படிவதும் இதனாலேயே.

எய்ட்ஸ் என்ற பெயரே பிறக்காத 1981 ஜூனில், லாஸ் ஏஞ்சலஸில் அபூர்வமான நிமோனியா வந்த ஐந்து இளைஞர்களைப் பற்றி அமெரிக்க அரசின் வாராந்திர மருத்துவ அறிக்கை ஒரு குறிப்பு வெளியிட்டது. ஐந்து பேருக்குமே கேண்டிடா தொற்று இருந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. எய்ட்ஸில் நடப்பதுபோல் டி செல்கள் போனால் வாயின் காவல் போய்விடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் பிறப்புறுப்புத் தொற்றுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. எதிர்ப்புசக்தி குறைந்தால்தானே இதுவும் வரவேண்டும்? ஆனால் இது அதிகம் வருவது நல்ல ஆரோக்கியமாக இருக்கும் இளம் பெண்களுக்கும் நடுவயதுப் பெண்களுக்கும். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்ப வந்து அவதிப்படுகிறவர்கள் உலகில் சுமார் 13.8 கோடிப் பேர் என்று 2018-இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்ப்புசக்தியில் சொல்லும்படியான குறை எதுவும் இருப்பதில்லை.

நியூ ஆர்லியன்ஸில் பால் ஃபிடெல் என்ற ஆய்வாளர் இந்தப் புதிருக்குள் துணிந்து இறங்கினார். ஆரோக்கியமான பெண்கள் சிலர் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்களுடைய பிறப்புறுப்பில் உயிருள்ள கேண்டிடாவை வைத்து, என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. பலருக்குப் பூஞ்சை தங்கியும் ஒன்றும் ஆகவில்லை, அழற்சியும் இல்லை. சிலருக்கு மட்டும் அரிப்பும் எரிச்சலும் வந்தன. அவர்களிடம் வேறுபட்டு இருந்தது நியூட்ரோஃபில் கூட்டம். வெள்ளணு திரண்ட இடத்தில் நோய், திரளாத இடத்தில் நிம்மதி. நம்மைக் காக்க வரும் படையே இங்கே தொந்தரவாகிறது.

அந்தப் படையை அழைப்பது எது என்பதற்கு 2018-இல் பதில் வந்தது. கேண்டிடாலைசின் இல்லாத பூஞ்சையைப் பெண் எலிகளின் பிறப்புறுப்பில் வைத்தார்கள். பூஞ்சை குறையவே இல்லை, நச்சு உள்ள வகை எவ்வளவு வளர்ந்ததோ ஏறக்குறைய அவ்வளவு இதுவும் வளர்ந்தது. குறைந்தது செல்களின் காயமும், வந்து சேர்ந்த நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையும். பூஞ்சை எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது நச்சைச் சுரக்கிறதா, எபிதீலியம் அதற்கு எவ்வளவு பதறுகிறது என்பவையே நோயைத் தீர்மானிக்கின்றன.

‘சரி, வந்த வெள்ளணு பூஞ்சையைக் கொன்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாயில் அது கொல்கிறது, இங்கே கொல்வதில்லை. இதையும் ஃபிடெலின் ஆய்வகமே துருவிப் பார்த்தது. பூஞ்சையைப் பிடிக்க நியூட்ரோஃபிலின் மேல் ஒரு கொக்கி இருக்கிறது. அழற்சியுள்ள எலியின் பிறப்புறுப்புத் திரவத்தில் ஹெப்பாரன் சல்பேட் என்ற பொருள் அதிகமாகி, அந்தக் கொக்கியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பூஞ்சை பிடிபடுவதில்லை. ஆனால் நியூட்ரோஃபில் வந்த வேகத்தில் கொட்டும் நொதிகளும் அழற்சிப் பொருட்களும் நம் சவ்வைப் புண்ணாக்குகின்றன. பூஞ்சை சாகாததால் நச்சும் நிற்பதில்லை; நச்சு நிற்காததால் அழைப்பும் ஓய்வதில்லை, இன்னும் வெள்ளணுக்கள் வருகின்றன.

இதை நம் வீடுகளில் பெண்களிடம் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வெள்ளைப்படுதலும் அரிப்பும் வந்தால் ‘உடம்புச் சூடு’ என்று மோரும் வெந்தயமும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அல்லது சுத்தமில்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சைக் கேட்ட பெண் சோப்பையும் விளம்பரத்தில் வருகிற கழுவும் திரவத்தையும் வாங்கி இன்னும் அழுத்திக் கழுவுகிறாள், எரிச்சல் கூடுகிறது. சுத்தமாக இருப்பவர்களுக்கும் இது வரும். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடும்போது வரும். சளிக்கோ பல்லுக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, அங்கே காவலிருந்த லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் குறைந்தபோது வரும். வெட்கப்படும்படி அவள் எதுவும் செய்துவிடவில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் எளிதாக வரும். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐசிஎம்ஆரோடு சேர்ந்து நடத்திய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிப் பேர் என்று 2023-இல் சொன்னது. அவர்களில் பலர் இப்போது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் எடுக்கிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகள்தான். ஆனால் அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் அந்த இடத்தில் ஈஸ்ட் செழிக்கிறது. ஆண்களுக்கும் முன்தோலில் வெள்ளையும் அரிப்பும் வரலாம். வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவருக்கு இது பழகிய விஷயம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கிரீம்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்த கிரீம்கள் நிறைய விற்கின்றன. தடவியதும் அரிப்பு அடங்குகிறது. இத்தனை நேரம் பேசியதை வைத்து யோசித்தால் ஏன் என்று புரியும். ஸ்டீராய்டு அடக்குவது உடம்பின் பதற்றத்தை. பூஞ்சை அப்படியே இருக்கலாம், காவல் குறைந்ததால் பெருகவும் செய்யலாம். மருத்துவர் பார்த்து, அளவும் நாளும் சொல்லித் தந்தால் அது வேறு. தானாக வாங்கி மாதக்கணக்கில் தடவுவது ஆபத்து. அரிப்போடு நாற்றம் இருந்தாலும், அடிவயிறு வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், வருஷத்தில் மூன்றாவது தடவை வந்தாலும் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போவதுதான் சரி. வெள்ளைப்படுவதெல்லாம் ஈஸ்ட் அல்ல. பாக்டீரியாவாலும் ட்ரைக்கோமோனாஸாலும் வரலாம், அவற்றுக்கு மருந்து வேறு.

மற்ற உறுப்புகளில் இந்த நச்சு என்ன செய்கிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மிஹாயில் லியோனாகிஸின் குழுவில் ரெபெக்கா டிரம்மண்ட் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. பூஞ்சை எலியின் மூளைக்குள் புகுந்துவிட்டால், அங்கே காவலிருக்கும் மைக்ரோகிளியா செல்கள் கேண்டிடாலைசினை உணர்ந்துதான் நியூட்ரோஃபில்களை அழைக்கின்றன. நச்சில்லாத பூஞ்சை வந்தால் அழைப்பு சரியாகப் போவதில்லை, பூஞ்சை மூளையில் பெருகிவிடுகிறது. பிறப்புறுப்பில் கெடுதல் செய்த அதே அழைப்பு இங்கே உயிர் காக்கிறது. குடலில் இன்னொரு கதை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களின் குடலிலிருந்து எடுத்த கேண்டிடாவை நியூயார்க்கில் ஆராய்ந்து 2022-இல் எழுதினார்கள். ஒரே இனம்தான் என்றாலும் ஆளுக்கு ஆள் குடலில் இருக்கும் ரகம் வேறு, செல்லைக் காயப்படுத்தும் திறனும் வேறு. அதிகம் காயப்படுத்தும் ரகங்கள் எலியின் குடலில் அழற்சியைக் கூட்டின. அதற்குக் கேண்டிடாலைசின் தேவைப்பட்டது. குடியால் கல்லீரல் வீங்கியவர்களின் மலத்திலும் இந்த நச்சின் மரபணு அதிகம் தென்படுவதாக 2020-இல் ஒரு ஆய்வு சொன்னது.

அப்படியானால் பூஞ்சை இந்த நச்சை எதற்காக வைத்திருக்கிறது? நம்மை நோயில் தள்ளினால் அதற்கு லாபம் ஒன்றுமில்லை. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி குடலில் சத்தமில்லாமல் கழிகிறது. 2024-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகமும் யேனாவும் சேர்ந்து எழுதிய கட்டுரை இங்கே வெளிச்சம் போட்டது. பாக்டீரியாக்கள் நிறைந்த எலிக் குடலில் நிலைத்துத் தங்கப் பூஞ்சைக்கு இழையும் வேண்டும், கேண்டிடாலைசினும் வேண்டும். நச்சு அங்கே பக்கத்திலிருக்கும் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுத்து இடம் பிடித்துத் தருகிறது. அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்களோடு போட்டி போட அது வைத்திருக்கும் கருவி, வேறு இடத்தில் வேறு அளவில் நம் செல்லைத் துளைக்கிறது.

பூஞ்சையைக் கொல்வதா, நச்சை மடக்குவதா என்பதுதான் மருந்து தேடுகிறவர்களுக்கு இப்போது கேள்வி. இன்று கையில் இருப்பவையெல்லாம் பூஞ்சையின் உயிரைக் குறிவைப்பவை. கிளாட்ரிமசோலும் ஃப்ளூகனசோலும் அதன் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டீராலைச் செய்யவிடாமல் தடுக்கின்றன. நிஸ்டாட்டின் அந்த எர்கோஸ்டீராலைப் பிடித்துச் சவ்வைக் கெடுக்கிறது. நியூயார்க் மாநில அரசின் ஆய்வகத்தைச் சேர்ந்த எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் 1950-இல் தந்த மருந்து அது, குழந்தைகளின் வாய்க்கு இன்றும் பயன்படுகிறது. நச்சை மட்டும் மடக்கும் மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை. கேண்டிடாலைசினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் நானோபாடி என்ற மிகச் சிறிய எதிர்ப்புரதத்தை ஆய்வகத்தில் செய்து, பிறப்புறுப்புச் செல்களின் காயமும் அழற்சியும் அதனால் குறைவதை 2024-இல் காட்டியிருக்கிறார்கள்.

அதை மாத்திரையாக்கி உடம்பு முழுக்கப் பரவவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மூளையிலும் வாயிலும் நம் காவல் செல்கள் விழித்துக்கொள்வது இந்த நச்சை வைத்துத்தான், அதையும் சேர்த்து மறைத்துவிடக் கூடாது. தொந்தரவு உள்ள இடத்தில் மட்டும் வைக்கும் மாத்திரையாகவோ ஜெல்லாகவோ, பழைய பூஞ்சை மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். பழைய மருந்து பூஞ்சையைக் குறைக்கும்போதே, நச்சு எழுப்பிவிட்ட அழற்சியைப் புதியது அடக்கலாம். வருஷத்துக்கு நான்கு தடவை படுகிறவர்கள் அரிப்பு தணியப் பூஞ்சை முழுசாகச் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.